பழைய மேனேஜர் கூப்பிடுகிறார், போகட்டுமா?

வாசகியின் கடிதம்:

ஐயா, எனக்கு வயது 33. சென்னையில் ஒரு தனியார் வங்கியின் கடன் பிரிவில் 8 வருடம் இருந்தேன். கடைசி 2 வருடம் 14 பேர் கொண்ட டீமுக்கு லீடர். டார்கெட்டும் ராத்திரி பத்து மணி போன் காலும் வெறுத்துப்போய், வேலையை விட்டுவிட்டுப் படித்தேன். குரூப் 2ஏ தேறி, 14 மாதமாகத் தென்மாவட்டம் ஒன்றில் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் பிரிவில் 6 இருக்கைகள், 3 காலி. என் இருக்கையோடு இன்னொன்றையும் நான்தான் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் மற்றவர்களின் புள்ளிவிவரமும் என் தலையில். ஒருவர் தினமும் பதினொன்றரைக்கு வருகிறார், நாலரைக்குப் பையைத் தூக்குகிறார். அவருக்கும் இன்க்ரிமென்ட், எனக்கும் இன்க்ரிமென்ட். நிலுவைக் கோப்புகளைக் கண்காணிக்க ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுக் காட்டினேன். "நீங்க வந்த பிறகுதான் இந்த ஆபீஸே ஓடுதாம்மா?" என்றார் கண்காணிப்பாளர். அன்றிலிருந்து பிரிவில் என் பெயர் 'பேங்க் மேடம்'. போன வாரம், 3 வருடமாகக் கிடந்த ஒரு கோப்பை முடித்துக் கொடுத்தேன். மனுக்கொடுத்த பெரியவர் ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுவந்தார். வாங்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினேன். அதைத் தவிர 14 மாதத்தில் 'நல்லாச் செஞ்சே' என்று ஒருவரும் சொல்லவில்லை. என் பழைய மேனேஜர் வேறு நிறுவனத்துக்கு மாறியிருக்கிறார். முன்பு வாங்கியதைவிடக் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார். அம்மாவோ, "கவர்மென்ட் வேலையை விட்டவள இந்த ஊர்ல யாராவது பார்த்திருக்கீங்களா?" என்று அழுகிறார். அரசு அலுவலகம் என்றாலே உற்சாகம் செத்துப்போகும் இடம்தானா? நான் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைப் பதற்றத்தோடு படிப்பீர்கள். இப்போதைக்குப் போக வேண்டாம். அம்மா அழுகிறார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அரசு வேலையை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் வங்கியை விட்டபோது எது வேண்டாம் என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எது வேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. இந்தக் கடிதத்திலும் அது தெரியவில்லை. அது தெரியாமல் இன்னொரு தடவை கிளம்பினால், இரண்டு வருடம் கழித்து இதே கடிதத்தை வேறு விலாசத்திலிருந்து எழுதுவீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதவளம் என்ற பெயர் வருவதற்கு முன்னால் அதை 'பர்சனல் டிபார்ட்மென்ட்' என்பார்கள். அங்கே தொடங்கியவன் நான். 14 வருடம் ஒரு பொதுத்துறை ஆலை, 16 வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் உதிரிபாகத் தொழிற்சாலை. இரண்டு இடத்திலும் சம்பளம் வாங்கியிருக்கிறேன், இரண்டு இடத்திலும் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சம்பளம் போதவில்லை என்று அதில் ஒரு வரி இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லை. ராத்திரி பத்து மணி போன் கால் இல்லை. எதையெல்லாம் வெறுத்து வந்தீர்களோ அதெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் காலையில் பஸ் ஏற மனசு வரவில்லை. 1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் உட்காரவைத்து, வேலையில் மிக நன்றாக இருந்த நேரம் எது, மிக மோசமாக இருந்த நேரம் எது என்று கேட்டார். மோசமான நேரத்துக்கு அவர்கள் சொன்ன காரணங்கள் கம்பெனியின் விதிகள், மேலதிகாரி, சம்பளம் போன்றவை. நல்ல நேரத்துக்குச் சொன்னவை வேறு ஜாதி: ஒரு வேலையை முடித்துக் காட்டியது, அதை யாரோ கண்டுகொண்டது, பொறுப்பை நம்பிக் கொடுத்தது. முதல் வகையைச் சரிசெய்தால் எரிச்சல் தீரும், அவ்வளவுதான். பல்வலி நின்றுவிட்டது என்பதற்காகப் பசி வந்துவிடாது, இல்லையா? நல்லது நடந்தால் 'நான்', கெட்டது நடந்தால் 'அவர்கள்' என்று சொல்வது மனித சுபாவம்தானே என்று ஹெர்ஸ்பெர்க்கைப் பின்னால் வந்தவர்கள் மடக்கினார்கள். நியாயமான மடக்கல்தான். ஆனாலும் உங்கள் கடிதத்துக்கு அவர் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

'அரசு வேலைன்னா நிம்மதி' என்பவர்களுக்கு நான் ஒரு லண்டன் கதை சொல்வதுண்டு. 1967-இல் அங்கே சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களின் உடல்நலத்தைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். அரசாங்கத் துறைகள் இருக்கும் தெருவின் பெயரால் வைட்ஹால் ஆய்வு என்று அதற்குப் பெயர். எல்லோருக்கும் நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. இருந்தும் கடைநிலையில் இருந்தவர்கள் இதய நோயால் இறப்பது உச்சிப் பதவியில் இருந்தவர்களைப் போல சுமார் 3 மடங்கு. சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் இடைவெளியில் பெரும்பகுதி மிச்சமிருந்தது. 1985-இல் மைக்கேல் மார்மட் தலைமையில், பெண்களையும் சேர்த்து 10,308 பேரிடம் இரண்டாவது ஆய்வு தொடங்கினார்கள். தன் வேலையை எப்படிச் செய்வது, எதை முதலில் செய்வது என்பதில் சொல்வாக்கு இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்ததை அதில் கண்டார்கள். ஒரே முதலாளி, ஒரே ஊர், ஒரே பென்ஷன், நாற்காலிதான் வேறு. அரசா தனியாரா என்ற பட்டிமன்றத்தை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான். என் வேலையில் என் கை எவ்வளவு இருக்கிறது, நான் செய்தது எங்கே போய்ச் சேர்கிறது, இந்த இரண்டையும்தான் இப்போது கேட்கிறேன்.

சரி, உங்கள் கண்காணிப்பாளரிடம் வருவோம். அந்த எக்ஸெல் ஷீட் விஷயத்தில் நான் பாதி அவர் பக்கம்.

உங்கள் அலுவலகத்தில் தபால் வந்தால் நடப்பு எண் போட்டு, உங்கள் தன்பதிவேட்டில் ஏற்றுகிறீர்கள் அல்லவா? மதராஸ் மாகாண காலத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பெயரால் டாட்டன்ஹாம் முறை என்று அதைச் சொல்வார்கள். ஒரு காகிதம் இன்று யார் மேசையில், எத்தனை நாளாக, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று யார் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அதாவது நீங்கள் கண்டுபிடித்த ஷீட் அந்த அலுவலகத்தில் நூறு வருடத்துக்குப் பக்கமாக ஏற்கெனவே இருக்கிறது. அதை அவ்வப்போது பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் யார்? கண்காணிப்பாளர். ஆள் இல்லாத பிரிவில் அவர் எல்லாப் பதிவேட்டையும் ஒழுங்காகப் பார்த்திருப்பாரா? நீங்கள் நல்ல மனதோடு ஒரு கருவியைக் கொண்டுபோய் நீட்டினீர்கள். அவர் கண்ணில் அது குற்றப்பத்திரிகையாகத் தெரிந்திருக்கும். அதுவும் மூன்று பேர் பார்க்க நீட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்றும் யோசித்துப் பாருங்கள். உங்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, டி.என்.பி.எஸ்.சி. அனுப்பியது. உங்களுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்க அவரால் முடியாது. 3 சதவீத இன்க்ரிமென்ட் எல்லோருக்கும் பொது. காலி இடத்தை நிரப்ப முடியாது. பதினொன்றரைக்கு வருபவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, விசாரணை இல்லாமல் யாரையும் நீக்க விடாது. 17ஏ, 17பி என்று உங்கள் ஆபீஸில் அடிக்கடி காதில் விழுமே, அந்தக் குற்றச்சாட்டு நடவடிக்கைகளைத் தொடங்குவதும் மேலிடம்தான். இவர் எழுதி அனுப்பலாம். அனுப்பினால் பிரிவில் மிச்சமிருக்கும் மூன்று பேரில் ஒருவர் இவரோடு பேசுவதை நிறுத்திவிடுவார். தண்டிக்க முடியாத, பரிசளிக்க முடியாத மேலதிகாரிக்கு ஒரே ஒரு உபாயம்தான் மிஞ்சுகிறது: செய்கிறவர் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றுவது. அவர் உங்களுக்குக் கொடுக்கும் கூடுதல் வேலைதான், அவருக்குத் தெரிந்த ஒரே பாராட்டு. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

பாராட்டு வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பயம். ஒரு கோப்பைச் சீக்கிரம் முடித்தால் லாபம் மனுதாரருக்கு. அதில் ஒரு தப்பு இருந்தால் பத்து வருடம் கழித்துத் தணிக்கையில் எழுந்து நிற்பது குறிப்பு எழுதியவர் பெயர். ஓய்வு பெறும் நாளன்று சாயங்காலம் பணியிடை நீக்க ஆணையை நீட்டும் வழக்கம் நம்மூரில் நெடுங்காலம் இருந்தது. மாலையும் சால்வையும் வாங்கிவைத்த வீட்டுக்கு அந்த ஆணையோடு போனவர்களை உங்கள் சீனியர்கள் பார்த்திருப்பார்கள். 'பழைய கோப்பு எடுத்துப் பாருங்க', 'மேலிடத்துத் தெளிவுரை கேட்டு எழுதுங்க' என்பதெல்லாம் சோம்பேறித்தனமாக உங்களுக்குக் கேட்கிறது. அவர்களுக்கு அது ஹெல்மெட்.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். பொதுத்துறை ஆலையில் ஸ்டோர்ஸில் ஒரு குமாஸ்தா. ஐம்பதைத் தாண்டியவர். கையெழுத்துப் போடுவார், கேன்டீனுக்குப் போவார், வந்து குறுக்கெழுத்து. எழுத்தில் ஆணை இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட எடுத்துத் தர மாட்டார். இளம் அதிகாரியான எனக்கு ரத்தம் கொதித்தது. அவருக்கு ஒரு மெமோ தயார் செய்வதற்காக அவருடைய ஃபைலை வரவழைத்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய காகிதங்கள் அதில் இருந்தன. அடிக்கடி கேட்கப்படும் உதிரிபாகங்கள் கவுன்டருக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தானாக வந்து ரேக்குகளை மாற்றி அடுக்கியிருக்கிறார். அடுத்த இருப்புச் சரிபார்ப்பில் சில பேரிங்குகள் குறைந்தன. யார் சொல்லி மாற்றினாய் என்று கேட்டிருக்கிறார்கள். சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன், ஐந்து வருட விசாரணை. முடிவில் 'குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை' என்று ஒற்றை வரி. அதற்குள் அவரோடு சேர்ந்தவர்கள் இரண்டு பதவி உயர்வு தாண்டிப் போய்விட்டார்கள்.

மெமோவைக் கிழித்துப் போட்டேன். அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அந்த வயதில் அதற்குத் தைரியம் போதவில்லை.

உங்கள் பதினொன்றரை மணிக்காரர் இப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. வெறும் ஓ.பி. அடிப்பவராகவும் இருக்கலாம், அப்படியும் ஆட்கள் உண்டு. ஆனால் நாற்பத்தைந்தைத் தாண்டியவர் என்றால் 2003 ஜூலையை அவரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் அப்போது ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் மாநில அரசு ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கியது. வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை என்று ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் திரும்பினார்கள். அந்த அனுபவம் உள்ளவர்களிடம் 'நிரந்தர வேலை' என்ற சொல்லுக்கு நாம் நினைக்கும் அர்த்தம் இல்லை. அதே 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன். பின்னால் சேர்ந்தவருக்குச் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம் செய்யும் பங்களிப்புத் திட்டம் என்றார்கள். ஒரே மேசையின் இந்தப் பக்கம் ஒரு எதிர்காலம், அந்தப் பக்கம் வேறு எதிர்காலம். பிரிவுக்குள் நிலவும் புழுக்கத்துக்கு இதிலும் பங்குண்டு. பென்ஷன் அரசியலுக்குள் இப்போது இறங்க வேண்டாம்.

தனியார் பக்கத்தைச் சொல்லாவிட்டால் நான் அரசுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைப்பீர்கள். 2008 கடைசியில் உலகமெங்கும் சந்தை சரிந்தபோது எங்கள் தொழிற்சாலைக்கு ஆர்டர் பாதியானது. 40 பெயர் கொண்ட பட்டியல் கேட்டார்கள். தயாரித்தவன் நான்தான். மூன்று வருடம் தொடர்ந்து உயர்ந்த ரேட்டிங் வாங்கிய ஒரு லைன் சூப்பர்வைசரும் அதில் இருந்தார். அவர் செய்த தப்பு, நல்ல ரேட்டிங் வாங்கி வாங்கிச் சம்பளம் உயர்ந்துபோனது. 'சிறந்த ஊழியர்' கேடயம் ஒன்றை அவருக்குக் கொடுத்து நான் கைகுலுக்கிய போட்டோ அவர் வீட்டு ஷோகேஸில் இருந்தது. கணக்கு முடித்துக் கொடுத்த அன்று அவர் என்னிடம் கேட்டது, "சார், ரேட்டிங் எதுக்கு சார் போடுறீங்க?"

அதைவிட மோசம், மிச்சமிருந்தவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் நான் பார்த்தது. ஷிஃப்ட் முடிந்தும் நின்று பக்கத்து ஆளுக்கு மெஷின் செட்டிங் சொல்லித்தந்தவர்கள், சொல்லித்தருவதை நிறுத்தினார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது இருந்தால்தான் அடுத்த பட்டியலில் என் பெயர் வராது என்ற கணக்கு. சத்தம் இல்லை, சண்டை இல்லை, உற்பத்தி எண்ணிக்கைகூடக் குறையவில்லை. ஆனால் கேன்டீனில் சிரிப்பு நின்றுவிட்டது. 'பெல் கர்வ்' என்று ஒன்று உங்கள் வங்கியிலும் இருந்திருக்கும்: டீமில் எல்லோரும் நன்றாகச் செய்திருந்தாலும் சிலரையாவது கீழ்த்தட்டில் போட்டே தீர வேண்டும் என்ற விதி. பக்கத்து நாற்காலிக்காரனுக்கு உதவினால் நமக்கே நஷ்டம் என்று அது கற்றுக்கொடுக்கிறது. மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனமே அதைப் பல வருடம் வைத்திருந்து, 2013 நவம்பரில்தான் தூக்கிப் போட்டது. ஆக, உங்கள் இடத்தில் கோப்புக்குப் பயம், நீங்கள் விட்டுவந்த இடத்தில் பட்டியலுக்குப் பயம். இரண்டில் எது பரவாயில்லை என்பது ஆளைப் பொறுத்தது. நான் இரண்டிலும் சரியாகத் தூங்கியதில்லை.

இப்போது செய்ய வேண்டியவை.

அந்த இரண்டாவது இருக்கையைப் பார்க்க உங்களுக்கு எழுத்தில் ஆணை இருக்கிறதா? 'பார்த்துக்கோங்கம்மா' என்று வாயால் சொன்னதோடு சரி என்றால், இந்த வாரமே பணிவாகக் கேளுங்கள். சண்டை மாதிரி கேட்காதீர்கள். "சார், தணிக்கை வந்தா எந்தத் தேதியிலிருந்து நான் பார்க்கிறேன்னு தெரியணும், ஒரு ஆணை போட்டுடலாம் சார்" என்றால் அவருக்கே அது பாதுகாப்பு என்பது புரியும். பொறுப்பு எடுக்கும்போது அந்த இருக்கையில் என்னென்ன கோப்பு, எத்தனை நிலுவை என்று பட்டியல் எடுத்து அவரிடம் ஒப்பம் வாங்குங்கள். 14 மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், இன்றைய தேதிக்கு எடுங்கள். நீங்கள் வருவதற்கு முன்னால் தேங்கியதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்று காகிதம் பேச வேண்டும். கூடுதல் பொறுப்புக்குப் படி உண்டா என்று நிர்வாகப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் நல்லது, அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

எக்ஸெல் ஷீட்டை அழிக்காதீர்கள். உங்கள் இரண்டு இருக்கைகளுக்கு மட்டும், தன்பதிவேட்டோடு எண்ணுக்கு எண் ஒத்துப்போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மனுதாரர் விவரங்களை மட்டும் உங்கள் சொந்த போனிலோ சொந்த மெயிலிலோ ஏற்றாதீர்கள். வங்கியில் இருந்தவருக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம், யாரும் இல்லாத நேரத்தில், ஒரே ஒரு தாள்: மொத்தம் இத்தனை, முடித்தது இத்தனை, ஆறு மாதத்துக்கு மேல் நிலுவை இத்தனை, காரணம் இது. "நாளைக்கு மீட்டிங்ல கேட்டா இருக்கட்டும் சார்." அவ்வளவுதான். அவர் மறுநாள் அதைத் தானே தயாரித்தது போலப் படிப்பார். படிக்கட்டும். உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும், எனக்கும் கசந்தது. மூன்றாவது மாதம் அந்தத் தாளை அவராகவே கேட்பார். அவர் கேட்கும் அன்று, அடுத்தவர்களின் புள்ளிவிவரத்தைப் பற்றிப் பேசுங்கள்: ஒரு தடவை உட்கார்ந்து சொல்லித்தருகிறேன், அடுத்த மாதத்திலிருந்து அவரவர் இருக்கைக்கு அவரவர் போடட்டும் என்று. இன்றைக்கே அதை மறுத்தால் 'பேங்க் மேடம்' பட்டம் உறுதியாகிவிடும்.

பதினொன்றரை மணிக்காரரின் நேரத்தை எண்ணுவதை நிறுத்துங்கள். அது ஒன்றும் பெருந்தன்மைக்காக இல்லை, உங்கள் ரத்த அழுத்தத்துக்காக. மதியம் அவரிடம் போய் ஒரு கோப்பைக் காட்டி, "இதுக்கு முன்னால இப்படி ஒண்ணு வந்திருக்கா சார்?" என்று கேளுங்கள். பழைய கோப்பு ரெக்கார்டு ரூமில் எந்த ரேக்கில் இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஒருவரைப் பயன்படத் தெரிந்தவராக நடத்தினால் சில நேரம் அவர் பதினொன்றுக்காவது வருவார்.

உங்கள் கடிதத்தில் புகார் இல்லாத வரி ஒன்றே ஒன்றுதான், அந்தக் கொய்யாப்பழம். அதையும் 'அதைத் தவிர' என்று ஒதுக்கிவிட்டீர்கள். அமெரிக்காவில் ஆடம் கிரான்ட் என்ற ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. பல்கலைக்கழகத்துக்காகப் போன் போட்டு நன்கொடை கேட்பது ஒரு சலிப்பான வேலை. அந்த ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு, அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படித்த ஒரு மாணவரை ஐந்து நிமிடம் சந்திக்க வைத்தார்கள். சம்பளம் கூடவில்லை, மேனேஜர் மாறவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல். தனியார் நிறுவனங்கள் இப்படி ஒரு ஐந்து நிமிடத்தை ஏற்பாடு செய்ய ஹோட்டலில் ஹால் எடுக்கின்றன. உங்களுக்கோ அந்த மனிதர்கள் பஸ் பிடித்து, படி ஏறி, மேசைக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் வரிசையைப் பார்த்தால் அத்தனை பேர். நாமோ அவர்களை இடைஞ்சல் என்று நினைக்கப் பழகிவிட்டோம். 8 வருடம் கடன் பிரிவில் இருந்தீர்களே, கடன் கிடைத்த ஒருவராவது உங்கள் மேசைக்கு வந்ததுண்டா?

கண்காணிப்பாளரிடமிருந்து பாராட்டு வரும் என்று காத்திருக்காதீர்கள். அவர் காலத்தில் அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாராட்டு வரக்கூடிய இடம் மேசைக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம்.

பழைய மேனேஜரிடம் உடனே 'இல்லை' என்று சொல்ல வேண்டாம். நாலு கேள்வி கேளுங்கள். இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்? நான் யாருக்குக் கீழே, உங்களுக்கா வேறு ஒருவருக்கா? நீங்கள் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் என் கதி? நோட்டீஸ் எத்தனை நாள்? முதல் கேள்விக்கு மழுப்பினால் மற்ற மூன்றையும் கேட்கவே வேண்டாம். மாதச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். சென்னை வாடகை, பயணம், ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் எல்லாவற்றையும் கழித்து ஒரு தாளில் எழுதுங்கள். ராஜினாமா செய்தால் இதுவரை செய்த பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும். வேறு அரசுப் பணிக்குப் போகிறவருக்கு இருக்கும் லியன் வசதி, அதாவது பழைய பதவிக்கே திரும்பும் உரிமை, தனியாருக்குப் போகிறவருக்குக் கிடையாது. திரும்பி வர வேண்டுமானால் மறுபடி பரீட்சைதான்.

உங்கள் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் 10 மாதம் இருக்கும். அதை ஒரு கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் துறைத் தேர்வுகளை எழுதி முடியுங்கள். முடித்தால் அடுத்த நாற்காலிக்கும் வழி திறக்கும், வேறு பிரிவு கேட்கவும் வாய் இருக்கும். கெடுவுக்குள் ஆணையும் வரவில்லை, சுமையும் குறையவில்லை, கோப்பு முடித்த சந்தோஷம்கூட வரவில்லை என்றால், போங்கள். அம்மாவிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன். அதற்கு முன்பே போக வேண்டிய ஒரே சந்தர்ப்பம், தப்பான ஒரு குறிப்பில் கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது நெருக்கினால். அங்கே பத்து மாதம் எல்லாம் காத்திருக்கக் கூடாது. போடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

கொய்யாவைத் திருப்பி அனுப்பியது சரிதான், நடத்தை விதி ஒருபக்கம் இருக்கட்டும், அதுதான் நல்ல பழக்கமும். ஆனால் அந்தப் பெரியவர் இன்னொரு தடவை அந்தப் பக்கம் வந்தால் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். அந்த 3 வருடத்தில் இந்த மாடிப் படியை எத்தனை தடவை ஏறினார் என்று கேளுங்கள். அந்த எண்ணை உங்கள் ஷீட்டில் ஒரு ஓரத்தில் குறித்துவையுங்கள். அடுத்த கடிதத்தில் எனக்கும் அதை எழுதுங்கள்.